அச்சாரப் பணம் யாருடையது?

தொழிலும் நற்செய்தியும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார் என்று நம் முன்னோர் இரண்டு பாடுகளையும் ஒரே மூச்சில் சொல்லி வைத்தார்கள். இரண்டுமே போட்ட கணக்கைத் தாண்டிச் செல்பவை. இரண்டிலுமே ஒரு குடும்பத்தின் மதிப்பு ஊரார் முன்னிலையில் நிறுக்கப்படுகிறது. ஆயினும் இரண்டுக்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. வீட்டின் சுவர் கோணிவிட்டால் இடித்துவிட்டு மீண்டும் எழுப்பலாம். மணநாளில் சோறு குழைந்துவிட்டால், திருப்பலி முடிந்து மணமக்கள் வந்து நிற்கும் வேளையில் பந்தலில் விளக்கு எரியாவிட்டால், அந்த நாளை மறுபடியும் நடத்த எவராலும் இயலாது. பெண்ணைப் பெற்றவர் தம் ஆயுள் முழுவதும் அதை நினைத்து வருந்துவார்.

இத்தகைய நாட்களை நடத்திக் கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்டோர் நம் பங்குகள் தோறும் இருக்கின்றனர். பந்தல் போடுவோர், நாற்காலி மேசைகளை வாடகைக்கு விடுவோர், ஒலிபெருக்கியும் விளக்கும் அமைப்போர், சமையல் ஒப்பந்தக்காரர், பந்தியில் பரிமாறும் இளைஞர், பாத்திரம் தேய்க்கும் பெண்கள், மலர் அலங்காரம் செய்வோர், பேண்டு வாத்தியக் குழுவினர் எனப் பலரின் அடுப்பு பிறர் வீட்டு விழாவினால் எரிகிறது. முன்பு தனித்தனியே நடந்துவந்த இவ்வேலைகளை ஒருவரே ஒப்புக்கொண்டு முடித்துத் தரும் முறை இன்று பெருகிவிட்டது. 'ஈவன்ட் மேனேஜ்மென்ட்' என்னும் பெயர்ப்பலகை சிற்றூர்க் கடைவீதியிலும் தொங்குகிறது. பெயர்தான் புதியது, தொழிலின் உயிர்நாடி பழையது. அந்த உயிர்நாடிக்கு அச்சாரம் என்று பெயர். பந்தல் வேலையிலும் சமையல் ஒப்பந்தத்திலும் நெடுநாள் பழகியவன் என்னும் முறையில் அச்சொல்லைக் குறித்து இம்மாதம் வாசக அன்பர்களோடு சிந்திக்க விழைகிறேன்.

கூடாரம் செய்த திருத்தூதர்

பந்தல் தொழிலாளிக்குப் பாதுகாவலர் ஒருவரைத் தேட வேண்டுமாயின், நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. புனித பவுலே இருக்கிறார். கொரிந்து நகருக்கு வந்த அவர், அக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியரோடு தங்கி, அவர்களோடு சேர்ந்து கூடாரம் செய்யும் தொழிலில் ஈடுபட்டார் எனத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது (திப 18:3). பகலில் துணியையும் கயிற்றையும் கையாண்ட கைகளே திருமுகங்களையும் நமக்கு வழங்கின. ஒருவருக்கும் சுமையாய் இராதபடி இரவும் பகலும் உழைத்ததாக அவரே தெசலோனிக்கருக்கு நினைவூட்டுகிறார்.

அவர் பின்னர் அதே கொரிந்து நகர மக்களுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், தூய ஆவியைக் குறிக்க ஒரு வியாபாரச் சொல்லை எடுத்தாள்கிறார். கிரேக்க மொழியில் அது 'அர்ராபோன்'. எபிரேயம் முதலிய கீழை மொழிகளிலிருந்து வணிகர் வழியாகக் கிரேக்கத்துக்குள் புகுந்த சொல் அது. ஒரு பொருளுக்கோ வேலைக்கோ விலை பேசி முடித்தபின், மீதியையும் தருவேன் என்பதற்கு உறுதியாக முதலில் கொடுக்கும் தொகையை அச்சொல் குறித்தது. நம் மொழியில் அதுதான் அச்சாரம். கடவுள் தம் ஆவியை நம் உள்ளங்களில் அச்சாரமாக அளித்திருக்கிறார் என்பது திருத்தூதரின் கருத்து (2 கொரி 1:22, 5:5). முழுமையாகத் தரவிருப்பவர் முன்னதாகத் தம்மையே பிணைத்துக்கொண்டுவிட்டார் என்பது இதன் பொருள். சந்தையின் நெளிவு சுளிவுகளை அறிந்த துறைமுகப் பட்டணத்தாருக்கு இவ்வுவமை உடனே விளங்கியிருக்கும்.

அச்சாரம் என்பது இரண்டு பேரைக் கட்டும் கயிறு. கொடுப்பவர் மீதியைத் தரக் கடமைப்படுகிறார். வாங்குபவர் வேலையை முடித்துத் தரக் கடமைப்படுகிறார். இதில் எவருக்கும் இன்னும் இலாபம் பிறக்கவில்லை. இவ்வுண்மையை மறப்பதிலிருந்தே விழாத் தொழிலின் துன்பங்களில் பெரும்பாலானவை தொடங்குகின்றன.

பணம் பையில், கடன் கணக்கில்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மணவிருந்து ஒன்றுக்கு ஒப்பந்தம் 2,00,000 ரூபாய். அச்சாரம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். திருமணம் நான்கு மாதங்களுக்கு அப்பால் இருக்கிறது. கோயிலில் ஓலை வாசிப்பதற்கு வெகுமுன்னரே மண்டபமும் சமையலும் பேசி முடிக்க வேண்டிய காலம் இது. அந்த 50,000 ரூபாய் ஒப்பந்தக்காரரின் கைக்கு வந்துவிட்டது. அவர் வீட்டில் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்த வேண்டும். பழைய கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். பணம் கையில் இருக்கிறது. செலவு வாசலில் நிற்கிறது. என்ன செய்வார்?

பலரும் செய்வது இதுதான்: இந்த வீட்டு அச்சாரத்தைச் செலவிட்டுவிடுவார்கள். விழா நாள் நெருங்கியதும் அடுத்த வீட்டு அச்சாரத்தைக் கொண்டு இந்த வீட்டுக்கு மளிகை வாங்குவார்கள். மூன்றாம் வீட்டின் பணம் இரண்டாம் வீட்டைக் காக்கும். வேலை இடைவிடாது வந்துகொண்டிருக்கும் வரையில் இச்சக்கரம் ஓடும். ஒரு மாதம் வேலை நின்றால் சக்கரம் குடை சாயும்.

விழாத் தொழிலிலோ வேலை நிற்கும் மாதங்கள் கட்டாயம் உண்டு. ஆடியில் இந்து இல்லங்களில் திருமணம் இராது, மார்கழியிலும் இராது. நம் இல்லங்களில் தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் மணவிழாக்கள் தவிர்க்கப்படும். இக்காலங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை என்பது இரு சமூகத்தாருக்கும் வேலை செய்வோருக்கு ஓர் ஆறுதல். மார்கழியில் கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி நம் வீடுகளில் பந்தல் எழும். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் விழாக்கள் உண்டு. தூத்துக்குடியில் ஜூலை 26-ஆம் நாள் கொடியேறி ஆகஸ்டு 5-ஆம் நாள் நிறைவுறும் பனிமய மாதா திருவிழாவும் உண்டு. அடுத்து, ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி. நாட்காட்டியை ஆண்டின் தொடக்கத்திலேயே விரித்து வைத்து, வேலை மிகும் மாதங்களையும் மெலியும் மாதங்களையும் குறித்துக்கொள்பவரே இத்தொழிலில் நிலைத்து நிற்கிறார். மெலிந்த மாதத்துக்கான அரிசியை மிகுந்த மாதத்தின் இலாபத்திலிருந்து ஒதுக்க வேண்டும். வரவிருக்கும் மாதத்தின் அச்சாரத்திலிருந்து அன்று.

பழைய சமையல் ஒப்பந்தக்காரர் சிலரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு திருமணத்துக்கும் தனித்தனியே ஒரு மஞ்சள் பை. அந்த வீட்டு அச்சாரம், அந்த வீட்டு மளிகைச் சீட்டு, அந்த வீட்டுக்கென ஆட்களுக்குக் கொடுத்த முன்பணக் குறிப்பு யாவும் அப்பையினுள் இருக்கும். பந்தி முடிந்து, கூலி கொடுத்து, வாடகைப் பாத்திரம் திரும்பிச் சென்ற பிறகு பையில் எஞ்சுவது எதுவோ அதுவே அவருடைய சம்பாத்தியம். இன்றைய கணக்கியலும் இதனையே வேறு சொற்களில் உரைக்கிறது: முடிக்காத வேலைக்குப் பெற்ற முன்பணம் வருமானம் ஆகாது, அது பொறுப்பு. 2017 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின்படி, பதிவு பெற்றவர் தாம் செய்யவிருக்கும் சேவைக்கு முன்பணம் வாங்கும்போதே வரிக் கடமையும் எழுந்துவிடுகிறது. ஆகவே கையில் வந்த தொகை முழுவதும் செலவிடத் தக்கது என்னும் எண்ணம் இரு வகையிலும் பிழையானது. மஞ்சள் பை இன்று வங்கிக் கணக்காகவோ கைப்பேசிக் குறிப்பாகவோ மாறலாம். பிரித்து வைக்கும் ஒழுக்கம் மாறலாகாது.

2020 கற்பித்த பாடம்

இவ்வொழுக்கத்தின் அருமையை 2020-ஆம் ஆண்டு யாவருக்கும் உணர்த்தியது. அவ்வாண்டு பிப்ரவரி 26 சாம்பல் புதன். ஏப்ரல் 12 உயிர்ப்புப் பெருவிழா. தவக்காலம் முடிந்ததும் நடைபெறவிருந்த கத்தோலிக்கத் திருமணங்களுக்கெல்லாம் அச்சாரம் கொடுத்தாகிவிட்டது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. ஆலயக் கதவுகள் அடைபட்டன. பின்னர்த் தளர்வு அளித்தபோதும் மணவிழாவில் விருந்தினர் 50 பேருக்கு மேல் கூடலாகாது என்று அரசு வரையறுத்தது. 1,000 இலைக்குப் பேசிய விருந்து 50 இலைக்குச் சுருங்கிற்று.

அப்போது எழுந்த கேள்விதான் இக்கட்டுரையின் தலைப்பு. அச்சாரப் பணம் யாருடையது? சட்டத்தைக் கேட்போமாயின், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, செய்ய இயலாததாகிவிட்ட செயலுக்கான ஒப்பந்தம் செல்லாததாகும் என்கிறது. அவ்வாறு செல்லாததாகிவிட்ட ஒப்பந்தத்தின் கீழ் ஒருவர் பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 65-ஆம் பிரிவு. ஆனால் விழா வீட்டாரும் ஒப்பந்தக்காரரும் நீதிமன்றத்துக்குச் சென்று தீர்த்துக்கொள்ளும் நிலையிலா இருந்தார்கள்? இருவரும் ஒரே பங்கினர், ஒரே தெருவினர்.

நான் அறிந்த ஒப்பந்தக்காரர் இருவரை ஈண்டுக் குறிப்பிடலாம். ஒருவர் அச்சாரப் பணத்தையெல்லாம் சேர்த்துப் புதிய ஜெனரேட்டர் வாங்கிவிட்டிருந்தார். தொழிலில் போட்ட பணம்தானே, தவறென்ன என்பது அவர் எண்ணம். திருப்பிக் கேட்டு ஆட்கள் வந்தபோது, அதனை வாங்கிய விலையில் பாதிக்கு விற்க நேர்ந்தது. அவர் தீயவர் அல்லர். அனைவருக்கும் சிறுகச் சிறுகக் கொடுத்துத் தீர்த்தார். ஆயினும் அதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின; அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் பூசைக்கு வரும்போது பக்கவாட்டுக் கதவு வழியாகவே வந்து சென்றார்.

மற்றவர் மஞ்சள் பைக்காரர். மணவீட்டார் ஒவ்வொருவரையும் தாமே தேடிச் சென்று, பையிலிருந்ததை எண்ணி வைத்தார். "ஐயா, இந்தப் பணம் என்னிடம் இருந்ததே தவிர, என்னுடையதாக இருக்கவில்லை. ஆட்களுக்குக் கொடுத்தது இவ்வளவு, மீதி இவ்வளவு. சரிபார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அங்கேதான் ஓர் இக்கட்டும் எழுந்தது. மீதியை முழுவதும் திருப்பிக் கொடுத்துவிட்டால், அவரையே நம்பியிருந்த பரிமாறுவோருக்கும் பாத்திரம் தேய்க்கும் பெண்களுக்கும் அடுத்த வாரம் உலை வைக்க வழியில்லை. அவர்கள் எவரிடமும் அச்சாரம் வாங்கியவர்கள் அல்லர்; எந்தச் சீட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. அவர் இதை மறைக்காமல் சொன்னார். இதைக் கேட்ட வீட்டார் சிலர் தங்கள் பணத்தைப் பெற்றுக்கொண்டனர். அவர்களுக்கும் முடை இருந்தது. அதில் குறை காண்பதற்கில்லை. வேறு சிலரோ, "பணம் உங்களிடமே இருக்கட்டும், அண்ணாச்சி. அந்தப் பெண்களுக்கு அரிசி வாங்கிக் கொடுங்கள். என் மகள் திருமணம் நடக்கும்போது கழித்துக்கொள்ளலாம்" என்றனர்.

ஒருவர் கணக்கைத் திறந்து காட்டியதால்தான் மற்றவர் கையைத் திறக்க முடிந்தது. கணக்கை மூடி வைத்துக்கொண்டு இரக்கத்தை மட்டும் கேட்டிருந்தால் அது கிடைத்திராது. நேர்மையும் அன்பும் தனித்தனி அறங்கள் என்று நாம் எண்ணுகிறோம். தொழிலில் ஒன்று மற்றொன்றுக்கு வாசலாக அமைகிறது.

ஒரே நாளுக்கு இரண்டு வாக்கு

அச்சாரத்தைப் பற்றிய இரண்டாம் சோதனை, ஒரே நாளுக்கு இருவரிடம் வாங்கும் ஆசை. நல்ல முகூர்த்த நாட்கள் ஆண்டில் சிலவே. வைகாசியில் ஒரு ஞாயிறன்று பத்து வீடுகள் ஒரே பந்தல்காரரைத் தேடி வரும். முன்னதாக வந்து நாளைப் பிடித்தவர் மீன் விற்கும் அம்மாளாக இருப்பார்; பின்னர் வந்தவர் கார் வைத்திருப்பவராக இருப்பார். சிறிய விருந்து 150 இலை. பெரியது 1,500 இலை. அம்மாளிடம் ஏதேனும் சாக்குச் சொல்லிவிடலாம். அல்லது ஒத்துக்கொண்டு, அனுபவமற்ற கையாட்களை அங்கே அனுப்பிவிடலாம். இவ்வாறு நடப்பதை நாம் கண்டதில்லையா?

வேலையை மற்றொருவரிடம் கைமாற்றிக் கொடுப்பது அதனளவில் குற்றமன்று. தம்மால் இயலாததை இயன்றவரிடம் ஒப்படைப்பது இத்தொழிலில் இயல்பே. ஆனால் மூன்று செய்திகள் வீட்டாருக்கு முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டும்: வரப்போகிறவர் யார், பொறுப்பு யாருடையது, குறை நேர்ந்தால் யாரைக் கேட்பது. இவற்றை மறைத்துவிட்டு, விழா நாள் காலையில் அறியாத முகம் ஒன்று அடுப்பு மூட்ட வந்து நின்றால், அது ஏமாற்று. ஏழையின் 150 இலை, செல்வரின் 1,500 இலையைவிடச் சிறியது என்பது வரவு செலவுக் கணக்கில் உண்மை. வாக்குக் கணக்கில் இரண்டும் சமமே. ஏழை வீட்டில் அந்த நாளுக்காகச் சேர்த்த ஆண்டுகள் அதிகம் என்பதால், அங்கே வாக்குத் தவறுவது கூடுதல் பாவமும் ஆகும்.

தொழில் நோக்கில் பார்த்தாலும் இதில் நட்டமில்லை. சிறிய விருந்துகளே இத்தொழிலின் நாற்றங்கால். புதுநன்மை விருந்து, புதுமனை மந்திரிப்பு, பூப்புனித நீராட்டு ஆகியவற்றில் நற்பெயர் எடுத்தவரையே, அதே வீட்டார் இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் திருமணத்துக்குத் தேடி வருகிறார்கள். விளம்பரத்துக்குக் கொட்டும் பணத்தைவிட, பந்தியில் உண்டு எழுந்தவர் கை கழுவும் இடத்தில் சொல்லும் ஒரு சொல் வலிமை மிக்கது.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில்

விழா வீட்டார் கண்ணுக்குத் தெரிபவை மலரும் விளக்கும் இனிப்பும். விலை பேசும்போது குறைத்துக் கேட்பார்கள். குறைத்த தொகையை ஒப்பந்தக்காரர் எங்கிருந்து ஈடுகட்டுவார்? கண்ணுக்குத் தெரிவதில் கை வைத்தால் பெயர் கெடும். ஆகவே தெரியாததில் கை வைக்கும் சோதனை வருகிறது: மலிவான மின்கம்பி, பலமற்ற கம்பம், ஒன்றே ஒன்றான வாசல்.

1995 டிசம்பர் 23-ஆம் நாள் அரியானா மாநிலத்தின் தப்வாலி நகரில், ஒரு மண்டபத்தில் பள்ளி ஆண்டுவிழா நடந்தது. செயற்கை இழைத் துணியாலான பந்தல் தீப்பற்றி உருகிச் சொரிந்தது. வெளியேறப் போதிய வழியில்லை. 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். 2004 ஜனவரி 23-ஆம் நாள் நம் திருவரங்கத்தில் திருமண மண்டபம் ஒன்றில் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியதில், மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மணமாலை சூட வந்தவருக்கு இறுதி மாலை சூட்ட நேர்ந்த அந்த நாளைத் திருச்சிப் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள்.

தற்காலிகப் பந்தல்களின் தீப்பாதுகாப்புக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் நெறிமுறைகளை வகுத்து வைத்திருக்கிறது. செயற்கை இழைத் துணியும் கயிறும் கூடாது. மின்கம்பிக்குக் கீழே பந்தல் போடலாகாது. ஒன்றுக்கொன்று விலகிய வாசல்கள் வேண்டும் என்பன போன்றவை அவை. இவற்றைக் கடைப்பிடிக்கச் சற்றே கூடுதல் செலவாகும். அச்செலவை ஏற்க மறுக்கும் வீட்டாரிடம், "அந்தத் தொகைக்கு என்னால் பந்தல் போட இயலாது" என்று கூறி அச்சாரத்தை வாங்காமல் எழுந்து வருவதற்குத் துணிவு வேண்டும். வாங்கிய அச்சாரத்தைக் காப்பது பாதி அறம். வாங்கக்கூடாத அச்சாரத்தை மறுப்பது மறுபாதி. பங்குத் திருவிழாவுக்குப் பந்தல் போடுவிக்கும் நம் விழாக் குழுவினரும் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்னும் விதி, கோயில் பணத்துக்குச் சிக்கனமாகத் தோன்றலாம். கோயில் மக்களின் உயிருக்கு அது சிக்கனமன்று.

கடைசியாகக் கை கழுவுவோர்

விருந்து முடிந்து, மொய் எழுதிய குறிப்பேடு மூடப்பட்டு, தாம்பூலப் பைகள் தீர்ந்துபோன நள்ளிரவில் மண்டபத்தின் பின்கட்டுக்குச் சென்று பாருங்கள். அண்டாக்களுக்குள் பாதி உடலை நுழைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கும் பெண்களைக் காண்பீர்கள். விழாவுக்கு முதலில் வருவோரும் அவர்களே. கடைசியில் செல்வோரும் அவர்களே. கூலியிலும் பெரும்பாலும் அவர்களே கடைசி. மணவீட்டார் மீதித் தொகையை "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்பார். ஒப்பந்தக்காரர் மேஸ்திரியிடம் "பணம் வரவில்லை" என்பார். மேஸ்திரி அப்பெண்களிடம் "வெள்ளிக்கிழமை வா" என்பார். மேலே ஒரு சொல்லாக இருந்தது, கீழே வரும்போது ஒரு குடும்பத்தின் பட்டினியாகிவிடுகிறது.

ஏழைக் கூலியாளின் கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுத்துவிடவேண்டும் என்பது மோசே வழியாக வந்த கட்டளை (இச 24:15). பிடித்து வைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என எச்சரிக்கிறார் புனித யாக்கோபு. திராட்சைத் தோட்டத்து உவமையில் ஆண்டவர் கூறிய நுட்பம் ஒன்றையும் கவனிப்போம். மாலையில் கூலி கொடுக்கும்போது, கடைசியில் வந்தவர் தொடங்கி முதலில் வந்தவர் வரை கொடுக்கும்படி தோட்ட உரிமையாளர் கணக்கரைப் பணிக்கிறார் (மத் 20:8). வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு அங்கே முதற்கூலி. 1981 செப்டம்பர் 14-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட தொழிலைப் பற்றிய சுற்றுமடல், ஒரு சமுதாய அமைப்பு நீதியானதா என்பதைச் சோதிக்க நியாயமான கூலியையே உரைகல்லாகக் காட்டுகிறது. உலகப் பொருளாதாரத்துக்குச் சொன்ன அவ்வுரைகல்லை நம் மண்டபத்தின் பின்கட்டிலும் உரசிப் பார்க்கலாம்.

இதற்கு நடைமுறை வழி எளியது. அச்சாரம் வாங்கும் அன்றே, ஆட்கூலிக்கான தொகையைத் தனியே எடுத்து மஞ்சள் பையின் அடியில் வைத்துவிட வேண்டும். வீட்டார் மீதியைத் தந்தாலும் தராவிட்டாலும், அன்றிரவே, பாத்திரம் தேய்ப்போர் தொடங்கி அதனைக் கொடுத்துவிட வேண்டும். கடன் சொல்லப்படும் நிலை நேர்ந்தால் அது ஒப்பந்தக்காரருக்கு நேரட்டும்; தாங்கும் தோள் அவருடையது.

கானாவூர்த் திருமணத்தில் இரசம் தீர்ந்தபோது நிகழ்ந்ததை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கற்சாடிகள் ஆறையும் விளிம்பு வரை நீர் மொண்டு நிரப்பியவர்கள் பணியாளர்கள். நல்ல இரசம் எங்கிருந்து வந்தது என்பது பந்தி மேற்பார்வையாளருக்குத் தெரியவில்லை, மணமகனுக்கும் தெரியவில்லை. தண்ணீர் மொண்டு வந்த பணியாளருக்குத் தெரிந்திருந்தது என்கிறார் நற்செய்தியாளர் யோவான். ஆண்டவரின் முதல் அரும் அடையாளத்துக்குச் சாட்சிகளாயிருக்கும் பேறு, அன்னை மரியாவுக்கும் சீடருக்கும் அடுத்து, விருந்தில் குடம் சுமந்தோருக்குக் கிட்டியது. பின்கட்டில் நிற்போரை எளிதாக எண்ணும் எவரும் இதனை ஒருமுறை சிந்திப்பாராக.

விழா நடத்தும் குடும்பங்களுக்கு

இவ்வளவும் தொழில் செய்வோருக்குக் கூறியவை. அச்சாரம் இருவரைக் கட்டும் கயிறு என்றோம். மறுமுனையைப் பிடித்திருக்கும் குடும்பங்களுக்கும் சில சொற்கள் உரியன.

முதலாவது, கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் கூறிய அறிவுரை (லூக் 14:28) விருந்துக்கும் பொருந்தும். வருவோர் எத்தனை பேர் என்பதை உண்மையாக எண்ணிச் சொல்லுங்கள். 300 இலைக்குப் பேசிவிட்டு 450 பேரை அமர்த்தினால், பந்தியில் நேரும் குறை சமையற்காரரின் குறையாகாது. பெருமைக்காக 800 என்று கூறி 500 பேர் உண்டு சென்றால், எஞ்சிய சோறு குழியில் விழும். அதற்கு வாங்கிய கடன் உங்கள் தலையில் விழும்.

இரண்டாவது, ஒப்பந்தத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நாள், இடம், இலைக் கணக்கு, உணவு வகைகள், மொத்தத் தொகை, அச்சாரம், மீதியைத் தரும் வேளை ஆகியவற்றோடு, விழா தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ அச்சாரத்தில் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுதுங்கள். மங்கல காரியத்தில் அபசகுனமாக ஏன் பேசவேண்டும் எனச் சிலர் தயங்குவர். 2020-இல் அவ்வாறு எழுதி வைத்திருந்த வீடுகளில் மனத்தாங்கல் குறைவாக இருந்தது. எழுதிய தாள் நட்பைக் கெடுப்பதில்லை, காப்பாற்றுகிறது.

மூன்றாவது, பேசிய மீதியைப் பேசிய வேளையில் கொடுங்கள். பொரியலில் உப்புச் சற்றுக் கூடியது என்று காரணம் காட்டிப் பாதித் தொகையை நிறுத்தி வைப்பது, அடுப்படியில் நின்றவரைத் தண்டிப்பதாகும். குறை இருப்பின் நேரில் சொல்லி, நியாயமான அளவில் தீர்த்துக்கொள்ளுங்கள். மணமக்களுக்கு ஆசி வேண்டிப் பலரையும் அழைக்கிறோம்; அன்றிரவு கூலியோடு நிறைந்த மனத்தோடு வீடு திரும்பும் ஒரு பெண்ணின் வாழ்த்தும் அந்த ஆசிகளுள் ஒன்று.

அச்சாரப் பணம் யாருடையது என்னும் கேள்விக்கு விடை இப்போது தெளிவாகும். வேலை முடியும் வரை அது ஒப்பந்தக்காரருடையது அன்று. கொடுத்துவிட்டபடியால் அது வீட்டாருடையதும் அன்று. அது வரவிருக்கும் ஒரு நாளுக்கு உரியது. அந்த நாளுக்காக உழைக்கவிருக்கும் கைகளுக்கு உரியது. தம் ஆவியையே நமக்கு அச்சாரமாக அளித்த இறைவன், சொன்ன சொல்லில் குறைவுபடாதவர். அவர்மீது நம்பிக்கை வைத்திருப்போர், பந்தற்காலின் கீழே எண்ணிக் கொடுக்கப்படும் ஒவ்வொரு ரூபாயிலும் அவருடைய உண்மையை ஓரளவேனும் பிரதிபலிப்போமாக.